கப்பலில் விடுமுறை போகிறீர்களா? மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கு உடல்நலமும் பாதுகாப்பும் பற்றிய முழு வழிகாட்டி

கல்லடியில் எங்கள் ஒழுங்கையிலிருந்து மட்டும் கடந்த இரண்டு வருடத்தில் மூன்று குடும்பங்கள் கப்பல் விடுமுறைக்குப் போய் வந்துவிட்டன. லண்டனில் இருக்கும் மகன் டிக்கெட் எடுத்து அனுப்புகிறான். டோஹாவில் வேலை செய்யும் மகள் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு ஒரு கிழமை கடலில் சுற்றிக் காட்டுகிறாள். போகிறவர்கள் என்னைத் தேடி வந்து விசாரிப்பார்கள். ஒன்பது வருடம் பயணக் கப்பல்களில் அறைப் பணியாளனாக வேலை செய்துவிட்டு ஊரோடு வந்து இருப்பவன் நான். ஒரு நாளைக்குப் பதினெட்டு, இருபது அறை துப்புரவு செய்திருக்கிறேன். பயணிகள் எதற்குப் பயப்படுகிறார்கள், எதை ஒளிக்கிறார்கள் என்பதை அறையின் குப்பைக்கூடையே சொல்லிவிடும்.

என்ன உடுப்புக் கொண்டுபோவது, சோறு கிடைக்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வருத்தம் வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர் குறைவு. "கடல் எங்களுக்குப் புதுசா மனே?" என்றார் முகத்துவாரத்தில் தோணி விட்டுப் பழகிய ஒரு மாமா. கடல் புதிதில்லைதான். ஆனால் மூவாயிரம், நாலாயிரம் பேர் ஒரு கிழமை முழுக்க ஒரே படிக்கட்டுக் கைபிடியைப் பிடித்து, ஒரே கரண்டியால் சோறு அள்ளிப்போட்டு வாழும் இடம் எங்களில் பலருக்குப் புதிது. அங்கே ஒருவர் ஒளித்த வருத்தம் இரண்டு நாளில் ஒரு தளம் முழுக்கப் பரவிவிடும். அதனால் இதில் எதை மறந்தாலும், உடம்புக்குச் சரியில்லை என்றால் உடனே சொல்ல வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்

முதலில் கப்பல் எந்தெந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்ற பட்டியலைக் கையில் எடுங்கள். விசா வேலை முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. ஐரோப்பியக் கடலில் தொடங்கும் பயணம் நடுவில் துருக்கிக்குப் போய்த் திரும்புகிறது என்றால், ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, துருக்கி அதில் சேராது) போதாது. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

அதே பட்டியல்தான் ஊசியையும் தீர்மானிக்கும். ஆபிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் இருக்கின்றன. அங்கே கப்பல் நின்றால், நீங்கள் நுழையும் அடுத்த நாடு தடுப்பூசி அட்டையைக் கேட்கலாம். அப்படியான நாடுகளிலிருந்து வருபவர்களிடம் இலங்கையும் கேட்கும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். 2016 ஜூலையிலிருந்து ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதற்கும் போதும். மட்டக்களப்பில் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே கடைசி வாரம் வரை விடாதீர்கள். வயதானவர்களுக்கும் நாட்பட்ட வருத்தம் உள்ளவர்களுக்கும் எல்லோருக்கும் இந்த ஊசி பொருந்தாது, டொக்டர் பார்த்துத்தான் தீர்மானிப்பார். இன்ஃப்ளுவென்சா என்ற சளிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியையும் வயதானவர்கள் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. பூமியின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து ஒன்றுசேருவதால் கப்பலில் அந்தக் காய்ச்சலுக்குப் பருவம் என்று ஒன்று இல்லை.

கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டும். பெரும்பாலான கப்பல்கள் 24 வாரத்துக்கு மேற்பட்டவர்களை ஏற்றுவதில்லை. பயணம் தொடங்கும் நாளை மட்டும் பார்க்காமல், முடியும் நாளில் எத்தனை வாரம் என்று எண்ணிப் பாருங்கள். கைக்குழந்தை என்றால் பொதுவாக 6 மாதம் ஆகியிருக்க வேண்டும், நீண்ட கடல் கடக்கும் பயணத்துக்கு 12 மாதம்.

காப்புறுதி எடுக்காமல் போகவே போகாதீர்கள். கப்பலில் டொக்டரும் தாதியரும் இருப்பார்கள், சேலைன் ஏற்றுவார்கள், இதயத்துடிப்புப் படம் எடுப்பார்கள். ஆனால் அது மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை போல ஒரு முழு வைத்தியசாலை இல்லை, இலவசமும் இல்லை. நடுக்கடலிலிருந்து ஒருவரை ஹெலிகொப்டரில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோகும் செலவை எங்கள் குடும்பங்கள் தாங்காது. பத்திரத்தில் கப்பல் பயணமும், அவசரமாக இடம்மாற்றும் செலவும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சீனி வருத்தம், பிரஷர், இதய வருத்தம் எதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். எழுதாத வருத்தத்துக்குப் பணம் தரமாட்டார்கள்.

கப்பல் எவ்வளவு சுத்தம் என்பதைக் கூட ஓரளவு முன்பே பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் பயணக் கப்பல்களில், அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிசோதகர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் ஏறுவார்கள். குசினி, குடிதண்ணீர், நீச்சல் தடாகம் எல்லாம் பார்த்து 100க்குப் புள்ளி போடுவார்கள். 86க்குக் கீழே வந்தால் அந்தக் கப்பல் தேறவில்லை என்று அர்த்தம். கப்பலின் பெயரைப் போட்டுத் தேடினால் முடிவு இணையத்தில் கிடைக்கும். நம்மூரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஹோட்டலுக்குள் நுழைந்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அன்று எங்களுக்கும் இருக்கும். சோதனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நல்ல கப்பலில் வேலை ஒரே மாதிரித்தான் நடக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

மருந்துப் பை

இது எங்கள் ஊர் ஆட்களுக்கென்றே உள்ள சிக்கல். அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் மாதக் குளிசைகளைச் சிறிய கடதாசி உறைகளில் போட்டு, வெளியே காலை 1, இரவு 1 என்று பேனையால் எழுதித் தருவார்கள். வீட்டில் அது போதும். வெளிநாட்டுச் சுங்கத்தில் அந்த உறையைத் திறந்தால் பெயரில்லாத வெள்ளைக் குளிசைகள்தான் தெரியும். கப்பல் டொக்டருக்கும் அதைப் பார்த்து ஒன்றும் விளங்காது. ஆகவே போவதற்கு முந்திய கிளினிக் நாளில், மருந்தின் பெயரும் அளவும் வருத்தத்தின் பெயரும் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கடிதத்தை டொக்டரிடம் கேட்டு வாங்குங்கள். பயண நாட்களுக்கான குளிசைகளைப் பாமசியில் பெயர் அச்சடித்த அட்டையோடு வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

எத்தனை நாளுக்கு? பயண நாட்களோடு ஒரு கிழமைக்காவது கூடுதலாக எடுங்கள். 2020 பெப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் டயமன்ட் பிரின்சஸ் கப்பல் நிறுத்திவைக்கப்பட்டது நினைவிருக்கும். 3,711 பேர் இருந்த கப்பலில் 700க்கு மேற்பட்டவர்களுக்குக் கொரோனா தொற்றியது. பயணிகள் இரண்டு கிழமை வரை அறைக்குள்ளேயே இருந்தார்கள். அன்றாடம் குடிக்கும் மருந்து முடிந்துபோய்த் தவித்தவர்கள் பலர்.

மருந்துப் பை கையோடு இருக்க வேண்டும். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவை அறைக்கு வந்து சேர இரவாகிவிடும். மத்தியான இன்சுலின் பெட்டிக்குள் போய்விட்டதென்று வரவேற்பு மேசையில் அழுத ஒரு ஐயாவை நான் கண்டிருக்கிறேன்.

டுபாயில் கப்பல் ஏறுகிறவர்கள், அல்லது அங்கே நிற்கும் கப்பலில் போகிறவர்கள், கோடீன், டிரமடோல் சேர்ந்த வலிமருந்துகளை முன் அனுமதியின்றிக் கொண்டுபோகக் கூடாது. இங்கே டொக்டர் எழுதித் தந்ததுதானே என்று சொன்னாலும் அங்கே எடுபடாது.

பைக்குள் இவையும் இருக்கட்டும்: வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற் நாலைந்து, காய்ச்சலுக்குப் பரசிட்டமோல், கடல் மயக்கத்துக்கு டொக்டர் சொன்ன குளிசை. அந்தக் குளிசையைச் சத்தி வருவதற்கு முன்பே போட வேண்டும், வந்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். சிலருக்கு நித்திரை வரும், மற்ற மருந்தோடு சேருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் எடுத்தால் ஆட்டம் குறைவு. மயக்கம் வந்தால் படுக்கையில் கிடந்து போனைப் பார்க்காமல் மேலே வந்து தூரத்து அடிவானத்தைப் பாருங்கள். இஞ்சித் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொள்வதும் பலருக்குச் சுகம் தரும்.

கொண்டுபோகக் கூடாதவை

குத்துவிளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, சாம்பிராணி எதையும் அறையில் கொளுத்த முடியாது. கும்பிடுவதற்குச் சாமிப் படம் போதும். கடலில் தீயணைப்பு வாகனம் வராது, நாங்களே அணைக்க வேண்டும். கப்பல்காரர் தண்ணீரைவிடத் தீக்குத்தான் பயப்படுவார்கள். கேத்தில், அயன், நீட்டு வயர் எல்லாவற்றையும் ஏறும்போதே பரிசோதனையில் எடுத்துவைத்து, கடைசி நாளில் தருவார்கள். சமைத்த சாப்பாடும் வேண்டாம். புட்டும் மீன் பொரியலும் கட்டிக்கொண்டு வந்த குடும்பம் ஒன்று துறைமுகத்து நிலத்தில் குந்தியிருந்து சாப்பிட்டு முடித்துவிட்டு ஏறியது. அவுஸ்திரேலியத் துறைமுகம் பட்டியலில் இருந்தால் கருவாடு, மாசி, விதை, பழம் எதுவாக இருந்தாலும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும். எழுதாமல் பிடிபட்டால் தண்டப்பணம் கடுமை.

ஹலால், மரக்கறி, சீனியில்லாத சாப்பாடு வேண்டும் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே எழுதிவிடுங்கள். ஏறிய பிறகு கேட்டால் செய்வார்கள், ஆனால் தெரிவு குறைவாக இருக்கும். ஒட்சிசன் கருவி, நித்திரையில் மூச்சுக்கு உதவும் கருவி, சக்கர நாற்காலி என்றாலும் அப்படித்தான்.

ஏறும் நாள்

மட்டக்களப்பிலிருந்து உதயதேவி ரயிலில் போய் அன்றைக்கே ஏறலாம் என்று கணக்குப் போடாதீர்கள். விமானமாக இருந்தாலும் துறைமுகமாக இருந்தாலும் ஒரு நாள் முன்பே அங்கே போய்த் தங்குங்கள். இரவு முழுக்க நித்திரையில்லாமல் ஏறும் வயதான உடம்புதான் முதலாவதாக விழும்.

ஏறும் இடத்தில் ஒரு சுகாதாரப் படிவம் தருவார்கள். கடந்த சில நாட்களில் வயிற்றோட்டம், சத்தி, காய்ச்சல், இருமல் இருந்ததா என்று கேட்கும். இந்த இடத்தில் எங்களில் பலர் யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிடுகிறார்கள். ஆம் என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். உண்மையில் ஆம் என்று எழுதினால் தாதி ஒருவர் வந்து பேசுவார், டொக்டர் பார்ப்பார். பயப்படத் தேவையில்லை என்றால் ஏற்றிக்கொள்வார்கள். சில வேளை முதல் நாள் அறையில் இருக்கச் சொல்வார்கள். தொற்றும் வருத்தம் என்றால் ஏற்றமாட்டார்கள், அதற்குத்தான் காப்புறுதி. பொய் எழுதிவிட்டுப் பிறகு பிடிபட்டால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடக் கப்டனுக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தச் செலவைக் காப்புறுதியும் தராது.

முஸ்டர்: இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்

கப்பல் புறப்படுவதற்கு முன் எல்லோரும் செய்ய வேண்டிய அவசரகால ஒத்திகையை முஸ்டர் என்பார்கள். இப்போது பல கப்பல்களில் தொலைக்காட்சியிலோ போனிலோ ஒரு படம் பார்த்துவிட்டு, உங்களுக்குக் குறித்த இடத்துக்கு நேரில் போய் அட்டையைக் காட்டினால் முடிந்துவிடும். பதினைந்து நிமிட வேலை. அதற்கே "பிறகு பார்ப்பம்" என்று புபேக்குப் போகிறவர்களைத் தேடித் திரிந்தே எங்கள் கால் தேய்ந்தது.

2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதிச் சரிந்தது. 4,200க்கு மேற்பட்டவர்கள் இருந்த கப்பலில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய சில நூறு பயணிகளுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணித்தியாலத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அப்போது விதி இருந்தது. அதற்குப் பிறகு கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம் மாற்றப்பட்டது. 2015 ஜனவரி 1 முதல், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும். அந்த ஒப்பந்தமே 1912இல் டைட்டானிக் மூழ்கியதன் பிறகு, 1914இல் உருவானதுதான்.

அறைக் கதவின் பின்பக்கத்தில் உங்கள் கூடுமிடமும் போகும் வழியும் படமாக ஒட்டியிருக்கும். பெட்டியைத் திறப்பதற்கு முன் அதை வாசியுங்கள். பிறகு அறையிலிருந்து அந்த இடம்வரை படிக்கட்டால் ஒருமுறை நடந்து பாருங்கள். லிப்டை அவசரத்தில் பாவிக்க முடியாது. இருட்டில் கையால் தடவிப் போவதென்றால் உங்கள் அறையிலிருந்து படிக்கட்டுக்கு எத்தனை கதவு என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கி அறை அலுமாரியில் இருக்கும், அல்லது கூடுமிடத்தில் தருவார்கள். சிறுபிள்ளை அளவு இல்லையென்றால் முதல் நாளே அறைப் பணியாளரிடம் கேளுங்கள்.

ஏழு குறுகிய ஒலி, அதன்பின் ஒரு நீண்ட ஒலி. அதுதான் பொது அவசரச் சமிக்ஞை. கேட்டால் சூடான உடுப்பு, சப்பாத்து, அன்றாட மருந்து எடுத்துக்கொண்டு கூடுமிடத்துக்குப் போக வேண்டும். அறைக்கு வெளியே இருந்தால் திரும்பி அறைக்குப் போகவே கூடாது. 2004 டிசம்பர் 26ஐக் கண்ட எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை என்று நினைக்கிறேன். நாவலடியிலும் கல்லடியிலும் முதல் அலை இழுத்த பிறகு நகைப் பெட்டியையும் காணி உறுதியையும் எடுக்க வீட்டுக்குள் ஓடியவர்களை நாங்கள் அறிவோம். கடவுச்சீட்டைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் சிறுவர் கழகத்தில் இருக்கும்போது மணி அடித்தால் தேடிக்கொண்டு ஓடாதீர்கள். அவர்களை எங்கே கொண்டுவந்து ஒப்படைப்பார்கள் என்று முதல் நாளே கேட்டு வைத்திருங்கள். படகில் ஏறச் சொல்வது கப்டனின் கட்டளை மட்டும்தான். மணி அடித்ததென்று நீங்களாகப் படகுக்குப் போக வேண்டாம்.

கை கழுவுதல்

கப்பல் வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் நோரோ வைரஸ். தொற்றி 12 முதல் 48 மணித்தியாலத்துக்குள் திடீரென்று சத்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும், ஒன்று முதல் மூன்று நாளில் பெரும்பாலும் நின்றுவிடும். நூறுக்கும் குறைந்த வைரஸ் துணிக்கைகளே ஒருவரை விழுத்தப் போதும். கைபிடியிலும் மேசையிலும் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். சுகமான பிறகும் இரண்டு கிழமைக்கு மேல் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும்.

புபே வாசலில் கையில் தெளிக்கும் ஹான்ட் சானிடைசர் இந்த வைரஸுக்குச் சரியாக வேலை செய்யாது. அதை நம்பிக் கை கழுவாமல் விடக்கூடாது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் 20 செக்கனும் வேண்டும். நாங்கள் கையால் சாப்பிடுகிறவர்கள், ஆகவே இன்னும் கவனம். கழுவிவிட்டு வரிசையில் நின்று எல்லோரும் பிடித்த பொதுக் கரண்டியைப் பிடித்து, பிறகு அதே கையால் சோற்றைப் பிசைந்தால் கழுவியது வீண். சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கழுவுங்கள். இரண்டாம் முறை எடுக்கப் புதுக் கோப்பை எடுங்கள். குடிக்கும் போத்தலின் வாயைத் தண்ணீர்க் குழாயில் முட்டவைத்து நிரப்பாதீர்கள். கிளாஸில் பிடித்து ஊற்றுங்கள்.

கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. எங்கள் ஆட்களுக்கு அது பெரிய சங்கடம் என்று தெரியும். சிறிய வெற்றுப் போத்தல் ஒன்றைக் கொண்டுபோங்கள், நிலம் நனைந்தால் துடைத்துவிடுங்கள். ஈர நிலத்தில் வழுக்கி இடுப்பு உடைந்தவர்களைக் கண்டிருக்கிறேன். கழிப்பறைக்குள் அவர்கள் தரும் கடதாசி தவிர வேறெதுவும் போடக்கூடாது. காற்றழுத்தத்தால் உறிஞ்சும் குழாய் அது. ஒரு அறையில் போட்ட ஈரத்துடைப்பான் அந்த வரிசை அறைகள் எல்லாவற்றையும் அடைத்துவிடும்.

கப்பலின் குழாய்த் தண்ணீரைப் பயப்படாமல் குடிக்கலாம். கடல் நீரைக் கப்பலிலேயே சுத்திகரித்துக் குளோரின் சேர்த்துத்தான் விடுகிறார்கள்.

வருத்தம் வந்துவிட்டால்

என்னால் மறக்க முடியாத ஒரு காலை. என் வரிசையில் லண்டனிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்த ஒரு அம்மா இருந்தார். மட்டக்களப்புக்காரி என்று முதல் நாளே பேச்சில் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை அறைக்குள் போனபோது குளியலறை அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தது. துவாய் இரண்டைக் காணவில்லை. கட்டிலுக்கடியில் ஒரு ஷொப்பிங் பேக்கில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். நான் குனிந்து இழுத்ததும் என் கையைப் பிடித்துவிட்டார். "மனே, இத ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத. மகன் காசு கட்டிக் கூட்டி வந்தவன், அவன்ட லீவு வீணாப் போயிரும்." இரவு மூன்று தரம் சத்தி, நாலு தரம் வெளியே போயிருக்கிறார். தானே கையால் துடைத்திருக்கிறார். காலையில் பேரப்பிள்ளைகளோடு புபேக்கும் போய் வந்துவிட்டார்.

என் அம்மாவின் வயது. சொல்லாமல் விடலாமா என்று அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். டொக்டர் பார்த்தபோது நாக்கு வரண்டு, பிரஷர் இறங்கியிருந்தது. சீனிக் குளிசையையும் வெறும் வயிற்றில் போட்டிருந்தார். அன்று இரவு முழுக்கச் சேலைன் ஏறியது. அடுத்த நாள் பேரன் இருவருக்கும் தொடங்கியது, அதற்கடுத்த நாள் எதிர் அறைக்காரருக்கு. இரவிலேயே சொல்லியிருந்தால் அந்தப் புபேப் பயணம் நடந்திருக்காது.

சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும். 24 மணித்தியாலத்தில் மூன்று தரம் தண்ணியாகப் போனாலோ, சத்தியோடு காய்ச்சல், வயிற்றுவலி, உடம்புநோ ஏதாவது இருந்தாலோ, அறைப் போனிலிருந்து மருத்துவ நிலையத்துக்கு அழையுங்கள். நடந்து போகாதீர்கள். சில கப்பல்களில் இந்த வருத்தத்துக்குப் பார்க்கக் காசும் எடுப்பதில்லை, கேளுங்கள். அறையிலேயே இருக்கச் சொல்வார்கள். அறிகுறி நின்ற பிறகும் பெரும்பாலும் 24 முதல் 48 மணித்தியாலம் வரை இருக்க வேண்டும். சாப்பாடு வாசலுக்கு வரும். துப்புரவுக்குத் தனி அணி வந்து குளோரின் கரைசலால் துடைப்பார்கள். உங்களைக் குற்றவாளியாக யாரும் பார்ப்பதில்லை. எத்தனை பேருக்கு வருத்தம் என்று கணக்கு எடுப்பதற்கும் நீங்கள் சொல்வது தேவை. அமெரிக்காவுக்குப் போகும் கப்பலில் பயணிகளிலோ பணியாளர்களிலோ 3 வீதம் பேருக்கு வந்துவிட்டால், அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பலின் பெயரைப் பகிரங்கமாக வெளியிடும். அந்த எண்ணிக்கை ஏறுமுன் கப்பல் விழித்துக்கொள்ள வேண்டும் என்றால் முதல் ஆள் முதல் மணியிலேயே சொல்ல வேண்டும்.

ஜீவனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சிறுநீர் குறைந்தால், தலை சுற்றினால், பிள்ளை அழும்போது கண்ணீர் வராவிட்டால், மலத்தில் இரத்தம் கண்டால் காத்திருக்க வேண்டாம். தாழ்வாரத்தில் யாராவது சத்தி எடுத்திருந்தால் நீங்கள் துடைக்கப் போகாதீர்கள். ஆட்களை விலத்தி நிற்கச் சொல்லிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். உடுப்பில் பட்டால் உதறாமல் பையில் கட்டிச் சொல்லித் தாருங்கள். இருமல், காய்ச்சல் என்றாலும் இதே கதைதான். முகக்கவசம் போட்டுக்கொண்டு, அறையிலிருந்து அழையுங்கள்.

அறைக்குள்ளும் தளத்திலும்

இன்சுலின் போடுகிறவர்கள் ஊசிக்கென்று ஒரு கடினமான பெட்டி கேட்டு வாங்குங்கள். குப்பைப் பையில் போட்ட ஊசி ஒன்று என் பெருவிரலில் ஏறியது. அதற்குப் பிறகு எனக்கு இரத்தப் பரிசோதனை, ஆறு மாதம் காத்திருப்பு, வீட்டுக்குச் சொல்லாமல் இரவில் விழித்துக் கிடந்தது எல்லாம் நடந்தது. அந்தப் பயணி யாரென்று கூடத் தெரியாது. அறையில் உள்ள சின்னப் பெட்டி பல கப்பல்களில் சும்மா குளிர வைக்கும் பெட்டி மட்டுமே. மருந்துக்கென்று சொன்னால் சரியான குளிர்சாதனப் பெட்டி தருவார்கள்.

குளியலறை வாசலில் ஒரு மேட்டு விளிம்பு இருக்கும். இரவில் தடக்கி விழுவது அங்கேதான். சின்ன விளக்கை எரிய விடுங்கள். பல்கனிக் கதவும் அறைக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் காற்று இழுத்து அடிக்கும், பிள்ளைகளின் விரல் போய்விடும். பல்கனிக் கதிரையைக் கைபிடிச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பிள்ளை ஏறும். படம் எடுப்பதற்காகக் கைபிடியில் குந்துவதும் மது குடித்துவிட்டுச் சாய்வதும் ஆட்கள் கடலில் விழக் காரணமாகலாம். யாராவது விழுந்தால் சத்தமாகக் கத்துங்கள், மிதப்பு வளையத்தை எறியுங்கள், கையை நீட்டி அந்த ஆளைக் காட்டியபடியே நில்லுங்கள். கண்ணை எடுத்தால் அலைக்குள் ஒரு தலையைத் திரும்பக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சிகரெட் குறித்த இடத்தில் மட்டும். 2006 மார்ச்சில் ஜமெய்க்கா அருகே ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் பல்கனி வரிசை எரிந்தது. ஒரு பயணி இறந்தார். அணைக்காமல் எறிந்த சிகரெட் துண்டாகத்தான் இருக்க வேண்டும் என்று விசாரணையில் சொன்னார்கள். கடலுக்குள் எதையும் எறியக் கூடாது, பிளாஸ்டிக் எறிவதைச் சர்வதேசச் சட்டமே முற்றாகத் தடுக்கிறது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்து கரை முழுக்கப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கியதைப் பார்த்த நாட்டு ஆட்கள் நாங்கள்.

நீச்சல் தடாகத்தில் பல கப்பல்களில் உயிர்காப்பாளர் கிடையாது. களப்பில் நீந்திய பிள்ளை என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். டயபர் கட்டிய குழந்தையைத் தடாகத்தில் இறக்கக் கூடாது. பிள்ளைகள் முன்பின் தெரியாத ஆளின் அறைக்குள் போகக் கூடாது, அது பணியாளராக இருந்தாலும்.

கரையில் இறங்கும்போது

ஏற வேண்டிய கடைசி நேரத்தை எழுதி வையுங்கள். கப்பல் நேரமும் ஊர் நேரமும் வேறாக இருக்கலாம், போன் தானாக மாறிக் காட்டும். தனியாகச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் நிற்காது. கடவுச்சீட்டின் கொப்பி, துறைமுக முகவரின் இலக்கம், அன்றைய மருந்து மூன்றும் பையில் இருக்கட்டும். கரையில் ஐஸ் போட்ட பானம் வேண்டாம், போத்தல் தண்ணீர் குடியுங்கள். நுளம்பு மருந்து பூசுங்கள்.

திரும்பி வந்த பிறகு

மலேரியா உள்ள நாடு பட்டியலில் இருந்தால் போகும் முன்பே மலேரியாத் தடை இயக்கத்திடம் தடுப்பு மருந்து கேளுங்கள். பிராந்திய அலுவலகங்கள் உண்டு, இலவசம். வந்த பிறகும் சொன்ன நாள்வரை குடித்து முடிக்க வேண்டும். இலங்கை 2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. அதனால் இங்கே காய்ச்சலோடு போனால் டொக்டருக்கு முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும். கப்பல் நின்ற துறைமுகங்களையும் திகதிகளையும் ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். ஒரு வருடத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், அவர் கேட்பதற்கு முன்பே அந்தத் துண்டை மேசையில் வைத்துவிடுங்கள்.